ராஜா கிருஷ்ணமூர்த்தி போன வழியில் நானும் போகலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 43. திருச்சியில் பிறந்தவர். மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து, வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் சட்டம் படித்து வக்கீலானவர். ஒரு தோழியுடன் சேர்ந்து சிறிய அலுவலகம் நடத்துகிறார். எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) விவகாரங்கள்தான் பெரும்பாலும். 2021 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது, இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும் இருக்கிறது. கணவர் ஐடி துறையில் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவள் உயர்நிலைப் பள்ளியில்.

"ராஜா கிருஷ்ணமூர்த்தியும் வக்கீல்தான், நம்மைப் போலத் தமிழ்க் குடும்பம்தான். பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தார், தேர்தலில் நின்றார், ஜெயித்தார். எனக்கும் பேச வரும், சட்டமும் தெரியும். நான் ஏன் நிற்கக் கூடாது?" என்று கேட்கிறார். அவர் சொல்வது பிரதிநிதிகள் சபைத் தேர்தலை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவையை; கிருஷ்ணமூர்த்தி 2016-ல் இல்லினாய் மாநிலத்திலிருந்து அதற்குத் தேர்வானவர். வெளிநாட்டில் பிறந்தவர்கள் நிற்கவே முடியாது என்கிறாராம் கணவர். ஜெயித்தாலும் வார இறுதியில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், நம் ஊர் எம்.பி.க்கள் செய்வதில்லையா என்பது இவர் எண்ணம். செலவுக்குத் திருச்சியில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்பத் தயாராம். பொங்கல் விழா மேடையில் அறிவித்துவிடலாம் என்று தமிழ்ச் சங்க நண்பர்கள் சொல்கிறார்கள். கணக்கு வழக்கைக் கணவரே பார்த்துக்கொள்வார்.

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் உற்சாகம் இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. ஆனால் நீங்கள் உதாரணம் காட்டியவரின் கதையை நடுவில் பல பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படித்திருக்கிறீர்கள். அதை முதலில் முழுதாகப் பார்த்துவிடலாம். உங்கள் மற்றக் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

கிருஷ்ணமூர்த்தி 1973-ல் டெல்லியில் பிறந்தார். மூன்று மாதக் குழந்தையாக நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்கு வந்தார். குடும்பம் கொஞ்ச காலம் அரசு வீட்டுவசதியிலும் உணவு உதவியிலும் காலம் தள்ளியிருக்கிறது. அப்புறம் அப்பாவுக்கு இல்லினாய் மாநிலம் பியோரியாவில், பிராட்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. மகன் பிரின்ஸ்டனில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஹார்வர்டில் சட்டம் முடித்தது 2000-ல். சிகாகோவில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி ஒருவரிடம் கிளார்க்காக, அதாவது சட்ட உதவியாளராக இருந்தார், பிறகு கிர்க்லண்ட் அண்ட் எல்லிஸ் நிறுவனத்தில் வக்கீல்.

"நின்றார், ஜெயித்தார்" என்று நீங்கள் ஒரே மூச்சில் தாண்டிவிட்ட இடம் இதுதான். ஒபாமா 2000-ல் பிரதிநிதிகள் சபைக்கு நின்று பாபி ரஷ்ஷிடம் தோற்றார் அல்லவா, அந்தத் தோற்ற பிரசாரத்திலேயே கிருஷ்ணமூர்த்தி வேலை பார்த்திருக்கிறார். 2004-ல் ஒபாமாவின் செனட் பிரசாரத்தில் கொள்கை விவகாரங்களைக் கவனித்தார். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் ஊழல் வழக்குகளைப் பார்க்கும் பிரிவில் பணி. மாநில வீட்டுவசதி ஆணையத்தின் குழுவில் இடம். 2007 முதல் 2009 வரை மாநிலத் துணைக் கருவூலர். இவ்வளவுக்கும் பிறகுதான் 2010-ல் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் பதவிக்கு நின்றார். கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் பிரைமரி தேர்தலிலேயே, மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார்.

2012-ல் பிரதிநிதிகள் சபைக்கு, இல்லினாயின் 8-வது தொகுதியில் முயன்றார். எதிரே டாமி டக்வொர்த், இராக் போரில் இரு கால்களையும் இழந்த ராணுவ விமானி. பிரைமரி ஓட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டக்வொர்த்துக்கே போனது. இந்த முறை தோல்வி சின்னதல்ல. அதன் பிறகும் கிருஷ்ணமூர்த்தி தொகுதியை விட்டுப் போகவில்லை. இலங்கைத் தமிழரான இயற்பியல் பேராசிரியர் சிவானந்தன் சிகாகோ அருகே தொடங்கிய சிவானந்தன் லேபரட்டரீஸ் நிறுவனத்தின் தலைவராக வேலை பார்த்துக்கொண்டே ஆட்களைச் சந்திப்பதையும் நிதி திரட்டுவதையும் தொடர்ந்தார். டக்வொர்த் 2016-ல் செனட்டுக்கு நிற்கப் போனதும் தொகுதி காலியானது. பிரைமரியிலும் பொதுத் தேர்தலிலும் கிருஷ்ணமூர்த்தி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்து, 2017 ஜனவரியில் பகவத் கீதையின் மீது கைவைத்துப் பதவியேற்றார். சட்டப் பட்டம் வாங்கியதிலிருந்து எண்ணினால் பதினாறு ஆண்டுகளுக்கு மேல்.

ரோ கன்னாவின் கதையும் இந்த ரகம்தான். அறிவுசார் சொத்துரிமை வக்கீல். கலிஃபோர்னியாவில் 2004-ல் தோல்வி, 2014-ல் தோல்வி, 2016-ல்தான் வெற்றி. வர்ஜீனியாவின் சுகாஸ் சுப்ரமணியம் வேறு வழியில் போனார். அவரும் வக்கீல்தான். 2019-ல் மாநிலக் கீழவை, 2023-ல் மாநில செனட், 2024-ல் பிரதிநிதிகள் சபை என்று படிப்படியாக ஏறினார். பள்ளி செல்லும் பிள்ளைகளும் சொந்த அலுவலகமும் உள்ள உங்களுக்கு இந்த வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தகுதி: கணவர் சொன்னது தவறு, ஆனால்...

பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குடியரசுத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மட்டும்தான். பிரதிநிதிகள் சபைக்கு அரசியல் சாசனம் கேட்பது மூன்றே விஷயங்கள்: வயது 25, குடியுரிமை பெற்று 7 ஆண்டுகள், தேர்தல் நேரத்தில் அந்த மாநிலத்தில் வசிப்பது. செனட்டுக்கு வயது 30, குடியுரிமை 9 ஆண்டுகள். தொகுதிக்குள்ளேயே வீடு இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை (வாக்காளர்கள் கேட்பார்கள், அது வேறு). வக்கீலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

உங்கள் ஏழு ஆண்டு 2028 ஆகஸ்டில்தான் முடிகிறது. ஆகவே 2026 தேர்தலை மறந்துவிடுங்கள். 2028 நவம்பர் தேர்தலுக்குத் தடையில்லை. அந்த ஆண்டின் பிரைமரி ஜூனில் வரும், அப்போது ஏழு ஆண்டு முடிந்திருக்காதே என்று நீங்கள் கவலைப்படலாம். வயதும் குடியுரிமைக் காலமும் பதவியேற்கும் நாளில் நிறைவாகியிருந்தால் போதும் என்பதே நெடுங்கால வழக்கம். ஜோ பைடன் 1972 நவம்பரில் செனட்டுக்குத் தேர்வானபோது வயது 29, அந்த மாதமே 30 ஆகிவிட்டது. இருந்தாலும் உங்கள் வேட்புமனுவை யாராவது எதிர்த்து நீதிமன்றம் போகக்கூடும். அதற்கும் நேரம், பணம் ஒதுக்கி வையுங்கள். திலீப் சிங் சௌந்த் நினைவுக்கு வருகிறார். இந்தியர்கள் குடியுரிமை பெறச் சட்டம் 1946-ல்தான் இடம் கொடுத்தது. அவர் 1949-ல் குடிமகனாகி, 1956-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார், முதல் இந்திய வம்சாவளி உறுப்பினர் அவர்தான்.

ஓசிஐ அட்டை ஒரு பிரச்சினை இல்லை. அது இந்தியக் குடியுரிமை அல்ல, நீண்டகால விசா வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை எடுத்த அன்றே உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. எதிர்த்து நிற்பவர் அதை மேடையில் கிளப்பலாம். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அலுவலகம் என்ன ஆகும்?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது இந்த இடம். ப. சிதம்பரம், கபில் சிபல், பி. வில்சன் எல்லோரும் எம்.பி.யாக இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவதைப் பார்த்து நீங்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2018-ல், மக்கள் பிரதிநிதிகள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் கதை நேர் எதிர். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சம்பளம் வாங்கிக்கொண்டு வக்கீல் தொழில் செய்யக் கூடாது. கட்சிக்காரரின் (வழக்கோடு நம்மிடம் வருபவரின்) நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட எந்தத் தொழிலும் அப்படித்தான். சட்ட நிறுவனத்தோடு ஊதியத் தொடர்பு கூடாது. நிறுவனத்தின் பெயரில் உங்கள் பெயர் இருக்கவும் விடக் கூடாது. ஆக, வாசலில் இருக்கும் பலகையிலிருந்து உங்கள் பெயர் இறங்கியாக வேண்டும். ஏற்கனவே முடித்துக்கொடுத்த வேலைக்கு வரவேண்டிய கட்டணம் வேறு கணக்கு. அதைச் சபையின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

சம்பளம் ஆண்டுக்கு 1,74,000 டாலர். 2009-லிருந்து ஒரு டாலர்கூட ஏறவில்லை. வாஷிங்டனில் ஒரு தங்குமிடம், தொகுதியில் ஒரு வீடு என்று இரண்டையும் பார்க்க வேண்டும்; வாஷிங்டனில் தங்கும் செலவில் ஒரு பகுதியை மட்டும் 2023-லிருந்து அலுவலக நிதியிலிருந்து திரும்பப் பெறலாம். பதவிக்காலம் இரண்டே ஆண்டு. ஓய்வூதிய உரிமைக்கு ஐந்து ஆண்டு பணி வேண்டும், அதாவது மூன்று முறை ஜெயிக்க வேண்டும். அடுத்த தேர்தலில் தோற்றால் திரும்பி வரும்போது உங்கள் கட்சிக்காரர்கள் வேறு வக்கீலிடம் போயிருப்பார்கள். லிங்கன் இல்லினாயிலிருந்து ஒரே ஒரு முறை, 1847 முதல் 1849 வரை, பிரதிநிதிகள் சபையில் இருந்துவிட்டு ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் திரும்பி வக்கீல் தொழிலைத் தொடர்ந்தார், நன்றாகவே நடத்தினார். ஆனால் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒன்று பத்தாண்டு இழுக்கும் இந்தக் காலத்தில், நடுவில் விட்டுப் போகும் குடியேற்ற வக்கீலை யார் காத்திருந்து தேடி வருவார்கள்?

இதை உங்கள் தோழியிடம் பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் விலகினால் பங்கு எப்படிப் பிரியும், கோப்புகள் யாரிடம் போகும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லி, அவர் சம்மதத்தோடு கோப்பை மாற்ற வேண்டும். இது தேர்தல் சட்டம் கேட்பதல்ல, நம் தொழில் ஒழுக்க விதி.

பிரசாரக் காலத்தில் நீங்கள் தொழில் செய்யலாம், தடையில்லை. ஆனால் வேலை செய்யாத மாதத்துக்கும் அலுவலகம் உங்களுக்கு வழக்கமான தொகையைக் கொடுத்தால் அது தேர்தல் நன்கொடையாகிவிடும். அலுவலக ஊழியரை நோட்டீஸ் அச்சடிக்க அனுப்புவதும் அந்தக் கணக்கில்தான் வரும். குடும்பச் செலவுக்கு ஒரு வழி இருக்கிறது: 2024-லிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, வேட்பாளர் தன் பிரசார நிதியிலிருந்தே ஊதியம் எடுத்துக்கொள்ளலாம். உறுப்பினர் சம்பளத்தில் பாதி, அல்லது கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் சராசரி வருமானம், இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. அந்த நேரத்தில் வெளியே சம்பாதிப்பதை அதில் கழித்துவிடுவார்கள். பிரசாரத்தால் கூடுதலாக வரும் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கும் 2018-லேயே தேர்தல் ஆணையம் இடம் கொடுத்துவிட்டது. எடுத்தால் செய்தியாகும் என்று பலர் கூச்சப்படுகிறார்கள். நான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இல்லாவிட்டால் பணக்காரர்கள் மட்டும்தான் நிற்க முடியும்.

அண்ணன் பணமும் சங்க மேடையும்

அண்ணனின் பணத்தை ஒரு டாலர்கூடத் தொடாதீர்கள். வெளிநாட்டவர் எந்த அமெரிக்கத் தேர்தலுக்கும் பணம் தரக் கூடாது, நீங்கள் வாங்கவும் கூடாது. "தேர்தலுக்கு இல்லை, தங்கைக்கு அன்பளிப்பு" என்று அனுப்பினாலும், வேட்பாளராகும் நேரத்தில் புதிதாக முளைக்கும் அன்பளிப்பு உங்கள் சொந்தப் பணமாகக் கணக்கில் வராது. இது அபராதத்தோடு நிற்கும் விஷயமில்லை. தெரிந்தே செய்தால் குற்ற வழக்கு வரை போகும். திருச்சியில் உங்கள் பெயரிலேயே நெடுநாளாக இருக்கும் நிலத்தைச் சந்தை விலைக்கு வெளியாளிடம் விற்றால், அது உங்கள் பணம். சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம், 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. அதே நிலத்தை அண்ணனே இரட்டை விலை கொடுத்து வாங்கினால் பழைய சிக்கலுக்கே திரும்பிவிடுவீர்கள்.

இன்னொன்று, இது உங்கள் தொழிலோடு ஒட்டிய ஆபத்து. உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் பாதிப் பேர் எச்-1பியில் இருப்பவர்கள். அவர்கள் நன்கொடை தரக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம். எச்-1பிக்காரர்கள் ஊதியமில்லாமல் வந்து வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கலாம், தொலைபேசியில் பேசலாம், ஆனால் பிரசார முடிவுகளில் பங்கெடுக்கக் கூடாது. உங்கள் அலுவலகத்தில் விசா விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒருவர் ஆர்வத்தில் நூறு டாலர் அனுப்பிவிட்டால், பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமல்ல, அவரும்தான். வாங்கும்போதே குடியுரிமை நிலையைக் கேட்டு உறுதி செய்யும் படிவம் வையுங்கள். 2025-26 சுழற்சியில் தனிநபர் வரம்பு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரியும் பொதுத் தேர்தலும் தனித்தனித் தேர்தல். 2028-க்குள் தொகை மாறும்.

தமிழ்ச் சங்கம் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பாக இருந்தால், பெரும்பாலான சங்கங்கள் அப்படித்தான், எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. 1954-லிருந்து இருக்கும் சட்டம். பொங்கல் மேடையில் நீங்கள் அறிவித்து, செயலாளர் மாலை போட்டால், சங்கத்தின் வரிவிலக்குக்கே ஆபத்து. நீங்கள் பொங்கல் சாப்பிடப் போகலாம், நண்பர்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலைத் தொடாதீர்கள். அப்புறம், ஒரு தொகுதியில் ஏழரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் தமிழர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணமூர்த்தி ஜெயித்தது சிகாகோவின் மேற்கு, வடமேற்குப் புறநகர்களில், பெரும்பாலும் இந்தியர் அல்லாதவர்களின் ஓட்டில்.

அறிவிப்பு என்றதும் நினைவு வருகிறது. "நிற்கப் போகிறேன்" என்று பொதுவெளியில் சொன்ன அன்று ஆழம் பார்க்கும் கட்டம் முடிந்துவிடுகிறது. அதற்கு முன் கருத்துக்கணிப்பு எடுக்கலாம், ஆட்களைச் சந்திக்கலாம், வரம்புக்கு உட்பட்டு அதற்குப் பணமும் வாங்கலாம். வேட்பாளராகி 5,000 டாலரைத் தாண்டி வாங்கினாலோ செலவழித்தாலோ, 15 நாளில் ஃபெடரல் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பின்னோடு சபையின் கிளார்க் எனப்படும் அதிகாரியிடம் சொத்துக் கணக்கு. அதில் கணவர், பிள்ளைகளின் முதலீடுகளும் வரும், வாடகை வரும் திருச்சி வீடும் இந்திய வங்கி வைப்பும் வரும். நீங்கள் உறுப்பினரான பிறகு உங்கள் கணவர் 1,000 டாலருக்கு மேல் பங்கு வாங்கினாலும் விற்றாலும் 45 நாளுக்குள் ஊரறிய அறிவித்தாக வேண்டும். அவருக்கு இது தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி, சுப்ரமணியத்தின் வழியை நான் ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். நியூ ஜெர்சி சட்டமன்றம் பகுதி நேரச் சபை. உறுப்பினர்களில் வக்கீல்கள் பலர், தொழிலையும் நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். சம்பளமும் 2026 முதல் 82,000 டாலர். அதற்கும் கீழே பள்ளி வாரியம், டவுன்ஷிப் கவுன்சில், திட்டமிடல் வாரியம் என்று இருக்கின்றன. பள்ளி வாரிய உறுப்பினருக்குச் சம்பளமே கிடையாது, ஆனால் ஒரு பட்ஜெட் கூட்டத்தில் கோபமான பெற்றோர் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அரசியல் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். உங்கள் தொழில் ஃபெடரல் சட்டம் என்பதால் உள்ளூர்ப் பதவியோடு மோதல் குறைவு. நியூ ஜெர்சியில் இப்போது புதியவர்களுக்குக் காற்றும் கொஞ்சம் சாதகம்தான். கவுண்டி (மாவட்ட) கட்சித் தலைவர்கள் ஆதரித்தவர்களை ஒரே வரிசையில் அச்சடித்த பழைய வாக்குச்சீட்டு முறையை அப்போது செனட் வேட்பாளராக இருந்த ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் 2024-ல் நீதிமன்றம் நிறுத்தியது, அடுத்த ஆண்டு சட்டமும் மாறியது. கட்சித் தலைவர்களின் பிடி முழுதும் போய்விட்டது என்று நான் நம்பவில்லை.

நீங்கள் காங்கிரஸுக்குப் போக விரும்பும் காரணமாக எழுதியிருப்பது, விசாவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு உதவ வேண்டும் என்பது. உறுப்பினரின் அலுவலகம் குடியேற்றத் துறைக்குக் கடிதம் எழுதி நிலை என்ன என்று கேட்கலாம், தாமதத்தைச் சுட்டிக்காட்டலாம். இந்த முடிவைக் கொடு என்று உத்தரவிட முடியாது. ஒரு குடும்பத்தின் வழக்கை நடத்தி ஜெயிப்பதில் உங்களுக்கு இன்று இருக்கும் சக்தி, அங்கே போனால் குறையும். சட்டத்தையே மாற்ற வேண்டும், நாடுவாரி கிரீன் கார்டு வரம்பை எடுக்க வேண்டும் என்று நினைத்தால் அது வேறு, அங்கேதான் போக வேண்டும். 435 பேரில் ஒருவராக, பல ஆண்டுகள், பலமுறை தோற்கும் மசோதாவோடு. இரண்டில் எது உங்களை இழுக்கிறது என்று கணவரோடும் தோழியோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, கணவரைப் பொருளாளராகப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் தடுக்கவில்லை. பொருளாளர் இல்லாமல் ஒரு டாலர் வாங்கவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது. ஆனால் காலாண்டு அறிக்கை தாமதமானால், தடைசெய்யப்பட்ட பணம் உள்ளே வந்தால், ஆணையத்தின் நோட்டீஸ் பொருளாளர் பெயருக்கும் வரும். சில வேளை அவர் சொந்தப் பொறுப்பிலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வேலையையே தொழிலாகச் செய்பவர்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள், மாதக் கட்டணத்துக்குக் கிடைப்பார்கள். அவர்களில் ஒருவரை வையுங்கள். கணவர் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடட்டும், அந்த இரண்டு ஆண்டுக்கு அதுவே அவருக்குப் போதுமான வேலை.